பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே ரேடியேட்டர் ஹோஸ் மாற்றியது

செட்டிநாட்டு ஊர்களில் கார்களுக்கென்று ஒரு தனி வாழ்க்கை உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார்கள். கார் ஊர் வீட்டின் பின்கட்டை ஒட்டிய செட்டில் நிற்கும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் வயது விழா) என்று பங்காளிகள் கூடும்போது ஒரு வாரம் ஓயாமல் ஓடும். அப்புறம் மாதக்கணக்கில் உறை போர்த்திக் கிடக்கும். ஓடித் தேய்கிற வண்டியில் டயரும் கிளட்சும் போகும் என்றால், நின்று கெடுகிற வண்டியில் ரப்பர் சாமான்கள்தான் முதலில் போகும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு மாருதி 800 அப்படி நின்று கெட்ட வண்டி. 1997-ஆம் வருஷத்து கார்புரேட்டர் மாடல், ஏசியும் ஹீட்டரும் உள்ளது. அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கியது. அவருக்கு அதை விற்க மனமில்லை, எனக்கும் இல்லை. ஊரோடு இருக்கிறவன் என்ற முறையில் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

சித்திரையில் செட்டுத் தரையில் முன்பக்கம் ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. காருக்கு அடியில் ஈரம் இருந்தாலே பயப்படத் தேவையில்லை. ஏசி ஓடிய வண்டியில் முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சுத்தமான தண்ணீர் சொட்டுவது இயல்பு. தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டாது, நிறமும் இருக்காது. எண்ணெய் என்றால் பிசுபிசுப்பும் கருமையும் காட்டிக்கொடுக்கும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றும் கூலன்ட்டுக்கு நிறம் உண்டு, லேசான இனிப்பு வாடை உண்டு, காய்ந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டி நிற்கும். அந்தப் பொருக்கு முக்கியமான தடயம். ஈரம் காய்ந்துபோய்விடும், பொருக்கு போகாது. இரவு ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்துவைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், எந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. மேலே கசிந்தது எதையாவது பிடித்துக்கொண்டு வழிந்து, எங்கோ தாழ்வான இடத்தில் சொட்டும். ரேடியேட்டர் ஃபேன் வேறு ஈரத்தை அடித்துப் பரப்பிவிடும். அதனால் ஈரம் தெரிகிற உயரமான இடத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரவேண்டும். வாட்டர் பம்ப்பில் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். பம்ப்பின் சீல் போனால் அதன் வழியாகத்தான் சொட்டும். பார்ப்பவருக்குக் கீழ் ஹோஸ், அதாவது ரேடியேட்டரின் அடியை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர்க் குழாய், கசிவது மாதிரியே தோன்றும். அது தெரியாமல் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு, திரும்பவும் ஈரத்தைப் பார்த்து மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். டார்ச் அடித்து அந்தத் துளையின் ஓரத்தில் பொருக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் வண்டியில் அங்கே சுத்தமாக இருந்தது. மேல் ஹோஸ் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடியில் சேரும் இடத்திலும், கீழ் ஹோஸின் எஞ்சின் பக்க முனையிலும்தான் பொருக்கு கட்டியிருந்தது.

ஹோஸ் நன்றாக இருக்கிறதா என்பதற்குக் கை போதும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஹோஸின் நடுப்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் கிளிப்புக்குப் பக்கத்தில் அழுத்துங்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி திமிறினால் நல்லது. முனைப்பக்கம் மட்டும் கொழகொழவென்று அமுங்கினாலோ, உள்ளே ஏதோ நொறுங்குகிற உணர்வு தட்டினாலோ, ஹோஸின் காலம் முடிந்தது. வெளியே வெடிப்பே தெரியாமல் இருக்கலாம். எங்கள் மேல் ஹோஸ் பார்வைக்குக் கறுப்பாக, வழவழப்பாகத்தான் இருந்தது. முனையில் அழுத்தியபோது ஊறிய அப்பளம் போல நெகிழ்ந்தது.

கழற்றிய பிறகு அந்த ஹோஸை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். நான் சொல்ல நினைப்பதில் பாதி அதற்குள்தான் இருந்தது. முனையிலிருந்து ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரை உட்புறத்தில் மெல்லிய கீறல்கள், எல்லாம் நீளவாக்கில். கீறல் உள்ளே இருக்கும் நூல் அடுக்கைத் தொட்டுவிட்டது. தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஊறி, கிளிப்புக்கு அடியில் வெளியே வந்திருக்கிறது. நடுப்பகுதி ரப்பரில் ஒன்றும் இல்லை. வெப்பம்தான் காரணம் என்றால் ஹோஸ் முழுவதும் கெட்டிருக்கவேண்டுமே, முனையில் மட்டும் ஏன்?

இதற்குக் காரணம் மின்வேதியியல். இன்றைய ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்யப்படுகின்றன. அதில் கலக்கப்படும் கார்பன் பொடியால் ரப்பர் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு பக்கம் அலுமினியம், இன்னொரு பக்கம் பித்தளை, நடுவே உப்பு கலந்த தண்ணீர் என்று அமைந்தால் அது ஒரு சிறு பேட்டரி. அந்த மின்னோட்டம் ஹோஸ் உலோகத்தைத் தொடும் முனையில்தான் ரப்பரை அரித்துக் கீறுகிறது. அதே வேதியியல்தான் அலுமினியக் குழாய்முனையையும் குழி குழியாகத் தின்கிறது. காரைக்குடிக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமாக இருக்கக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இதே மின்வேதியியலுக்காகத்தான் நம் ஊரில் இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை. தினமும் அந்த வாசலைக் கடந்துபோகிற நாம், வண்டி ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர்தான் விஷயம். கல்யாணக் காலத்தில் எங்கள் வண்டியைப் பல கை ஓட்டும். அளவு குறைந்தால் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றிவிடுவார். அது போர் தண்ணீர். குளியலறையில் பித்தளைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, சூடான எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அப்பச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தக் காலத்துல அம்பாசிடருக்குப் பச்சத் தண்ணிதான ஊத்துனோம். அது ஓடலையா?"

"அதுல எஞ்சின் ஹெட்டும் பிளாக்கும் இரும்பு, அப்பச்சி. இதுல ஹெட்டு அலுமினியம். அப்ப நீங்க ஊத்துனதும் ஊரணித் தண்ணி. இப்ப வர்றது போர் தண்ணி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஊரணித் தண்ணியில பருப்பு வேகும், இதுல வேகமாட்டேங்குது" என்றார். அவர் சொன்னது சரியான சோதனை. மழைநீர் தேங்கும் ஊரணியில் தாது உப்புகள் குறைவு. பருப்பை வேகவிடாத சுண்ணாம்பும் மக்னீசியமும்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களை அடைப்பதும்.

ஆகவே ஹோஸ் கசிந்தால் ஹோஸை மட்டும் மாற்றினால் போதாது என்பது என் முடிவு. மேல் ஹோஸ் போயிருந்தால் அதே வயசுள்ள கீழ் ஹோஸும் ஹீட்டர் ஹோஸ்களும் அதே பாதையில்தான் இருக்கும். கிளிப்புகள், ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கட், கூலன்ட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுவது நல்லது. எப்படியும் தண்ணீரை முழுக்க வடிக்கத்தான் வேண்டும். அந்தச் சிரமத்தைத் தனித்தனியாகப் படுவானேன்?

ரேடியேட்டர் மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பலர் அதை வெறும் அடைப்பான் என்று நினைக்கிறார்கள். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று, உள்ளே அழுத்தம் ஏறவிட்டு ஓர் அளவுக்கு மேல் போனால் திறந்து, மிச்சத்தைக் கூலன்ட் டப்பாவுக்கு அனுப்புவது. மூடியின் மேலே 0.9 என்று போட்டிருந்தால் அதுதான் அந்த அளவு. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 டிகிரியை நெருங்கித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, வண்டி வெயிலில் சீக்கிரம் கொதித்துவிடும். இன்னொரு வால்வு, எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது. இது ஒட்டிக்கொண்டால் ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். அப்படிச் சப்பிக் கிடந்தால் ஹோஸைக் குறை சொல்லாதீர்கள், மூடியை மாற்றுங்கள். வண்டிக்கு எந்த அளவு போட்டிருந்ததோ அதே அளவுதான் போடவேண்டும். அதிக அழுத்தத்து மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றுகள் (பற்றவைத்த இணைப்புகள்) விடும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். எனக்கும் அந்த ஆலோசனை கிடைத்தது. நான் ஏற்கவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை கார்புரேட்டர் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் ஆயில் கெடும், தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் சூடேற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கவேண்டும். ஆறியதும் முழுக்க மூடிக்கொள்ளவேண்டும். எங்களுடையது திறந்தது, ஆனால் முழுக்க மூடவில்லை. புதிது வாங்கினேன்.

சாமான் வாங்கக் காரைக்குடிக்குப் போகும்போது பழைய ஹோஸ்களையும் எடுத்துப் போனேன். இவை வளைவோடு அச்சில் வார்த்தவை. நேர்க்குழாயை வாங்கி வளைத்து மாட்டினால் வளைவில் மடிந்து ஓட்டத்தை அடைக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வளைவு, நீளம், இரண்டு முனையின் உள்விட்டம் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். வெட்டுமுகத்தைப் பார்த்தால் ரப்பருக்கு நடுவில் நூல் அடுக்கு தெரியவேண்டும். அது தெரியாத ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், சூடேறினால் பலூனாகிவிடும். கடையில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்கும் வேண்டாம். கிளிப்புகளில் துருப்பிடிக்காத எஃகு, ஓரம் மழுங்கியது வாங்குவது நல்லது. கூரான ஓரம் ரப்பரை அறுக்கும்.

வேலையைக் காலையில், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஓடாத வண்டியில் தொடங்குங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதைப் போன்ற ஆபத்து இந்த வேலையில் வேறில்லை. அழுத்தம் போன கணமே உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மின்சார ஃபேன் உள்ள சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது சுற்றும். முன்பக்கத்தைத் தூக்கவேண்டியிருந்தால் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின் மேல் நிறுத்திய பிறகுதான் அடியில் கை வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவேண்டாம். மற்றபடி ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், ஸ்பேனர் செட், கட்டர் கத்தி, உப்புத்தாள், அகலமான ஒரு பேசின். அந்தப் பேசின் அப்புறம் சமையலுக்கோ மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவோ திரும்பக் கூடாது.

ரேடியேட்டரின் அடியில் வடிக்கும் திருகு இருக்கும். பழைய வண்டியில் அது உறைந்துபோய் இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். உடைந்தால் ரேடியேட்டரையே கழற்றும்படி ஆகிவிடும். கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி அந்த வழியாக வடித்துக்கொள்ளலாம். மேலே மூடியைத் திறந்துவைத்தால் சீராக வடியும். எங்கள் வண்டியில் வந்தது பச்சை அல்ல, தேயிலைக் கழுநீர் நிறம். வடித்ததை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிக்கு மொத்தமே நாலு லிட்டருக்குள் அடங்கிவிடும். திரும்ப ஊற்றும்போது எவ்வளவு பிடித்தது என்று பார்த்தால் உள்ளே காற்று தங்கிவிட்டதா என்று தெரியும்.

வருஷக்கணக்கில் இருந்த ஹோஸ் கழுத்தோடு, அதாவது அது ஏறி உட்காரும் குழாய்முனையோடு, ஒட்டிப்போயிருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பிடித்துத் திருகி இழுத்தாலோ ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினாலோ ரேடியேட்டர் கழுத்தின் பற்று விட்டுவிடும். பிளாஸ்டிக் தொட்டி உள்ள புது மாதிரி ரேடியேட்டர் என்றால் கழுத்தே முறியும். எப்படியும் தூக்கிப்போடப் போகிற ஹோஸ்தானே? கழுத்தின் மேல் இருக்கும் பகுதியில் கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை உரிப்பதற்குரிய நிதானத்தோடு விரித்து எடுத்துவிடுங்கள். அலுமினியத்திலும் பித்தளையிலும் கத்தி ஆழமாகக் கோடு போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் கவனம். ரப்பரின் அடி அடுக்குக்கு வந்ததும் கத்தியை எடுத்துவிட்டுக் கையால் உரிக்கலாம்.

ஹோஸ் வந்த பிறகு தெரிகிற கழுத்தைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையின் இருதயம். புது ஹோஸும் புது கிளிப்பும் போட்டும் கசிகிறது என்றால் பெரும்பாலும் இங்கேதான் குறை. பழைய ரப்பர்த் துணுக்கு, பொருக்கு, அலுமினியம் பூத்த வெள்ளைப்பொடி எல்லாம் போகும்வரை மெல்லிய உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்க்கவேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே கசிவுக்கு வாய்க்காலாகிவிடும். துகள் உள்ளே விழாமல் துணியை அடைத்துக்கொள்ளுங்கள், துணியை எடுக்கவும் மறக்காதீர்கள். குழிகள் ஆழமாக இருந்து, ஹோஸ் உட்காரும் வட்டம் முழுதும் அரித்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியையே மாற்றிவிடவேண்டும். பசை தடவிச் சமாளிப்பது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். எங்களுடையதில் குழிகள் ஓரத்தில் மட்டும் இருந்ததால் தப்பித்தது.

ஹோஸ்கள் வெளியே இருக்கும்போதே கழுவிவிடலாம். தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு, எஞ்சினின் மேல்வாயில் தண்ணீர் விட்டுக் கீழ்வாயில் தெளிவாக வரும்வரை ஓடவிடவேண்டும். ரேடியேட்டரைத் தனியாக, கீழிருந்து மேலாக எதிர்த்திசையில் கழுவினால் அடியில் தங்கியது கிளம்பும். இதற்கு நான் மழைத் தண்ணீர் பயன்படுத்தினேன். எங்கள் ஊர் வீடுகளில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் நாலு பக்கமிருந்தும் முற்றத்துக்கு இறங்கும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து கூரை கழுவுப்பட்ட பிறகு அண்டாவில் பிடித்து மூடிவைத்தது இருந்தது. கழுவ அது போதும். ஆனால் கடைசி அலசலுக்கும் கூலன்ட்டில் கலக்கவும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். கழுவிய தண்ணீரில் கொஞ்சம் எஞ்சின் பிளாக்குக்குள் தங்கியே தீரும் என்பதால்தான் கடைசி அலசல் என்று தனியாகச் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைப் புது கேஸ்கட்டோடு மாட்டும்போது அதன் விளிம்பில் இருக்கும் சிறு காற்றுத்துளை மேல்பக்கம் வரவேண்டும். அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள், பலம் காட்டாதீர்கள். புது ஹோஸ் ஏறச் சிரமப்பட்டால் கழுத்தில் தண்ணீரோ கூலன்ட்டோ தடவினால் போதும். கிரீஸும் எண்ணெயும் கூடாது. இந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். எஞ்சின் ஆயில் கசிகிற வண்டியில் ஹோஸ்கள் சீக்கிரம் போவதும் அதனால்தான். கிளிப்புகளை மாட்டுவதற்கு முன்பே ஹோஸில் கோத்துவிடுங்கள், திருகுத்தலை பின்னாளில் ஸ்க்ரூ டிரைவருக்கு எட்டும் பக்கம் இருக்கட்டும். கழுத்தின் வாயில் ஒரு சிறு மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போகவேண்டும், கிளிப் அந்த மேட்டுக்கு அப்பால் உட்காரவேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்த கிளிப் சூட்டில் வழுக்கும். ரப்பர் கிளிப்பின் துளைகள் வழியாகப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் ஹோஸ் அறுபடும். ஹோஸ் ஃபேனிலோ பெல்ட்டிலோ உரசாமல் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கூலன்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. இங்கே பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊருக்கு அது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான். அதற்காக அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்பதும் இல்லை. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலன்ட் மட்டும் நிரப்பினால் எஞ்சின் இன்னும் சூடாகத்தான் ஓடும். அடர் கூலன்ட் என்றால் சரிக்குச் சரி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பது என்றால் அப்படியே ஊற்றவேண்டும். நிறத்தை வைத்து ரகத்தை முடிவுசெய்து இரண்டு வகையைக் கலப்பது கூடாது. பச்சை, நீலம், சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற சாயம்.

உள்ளே தங்கிய காற்றை எடுப்பதற்கு, பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். மூடிய செட்டில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டுப் பின்வாசலில் தெருவுக்கு ஏறும் சரிவு இருக்கிறது, அதில் வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தினேன். உள்ளே தங்கும் காற்று உயரமான இடமான ரேடியேட்டர் வாய்க்கு வரவேண்டும் என்பதற்காக. ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளிவிட்டு, ரேடியேட்டர் வாய்வரை கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வரும். அப்புறம் மூடி இல்லாமலே எஞ்சினை ஓடவிடவேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், ரேடியேட்டரில் மட்டம் சரேலென்று இறங்கும். அந்த இடத்தில் நிரப்பி மூடியைப் போட்டுவிடுங்கள். அதற்குமேல் திறந்துவைத்தால் பொங்கும். ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும்வரை காத்திருந்து, டயல் முள் நடுவில் நிலைத்து நிற்கிறதா, ஹீட்டரில் சூடான காற்று வருகிறதா என்று பாருங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

ஆறிய பிறகு, மறுநாள் காலையில் ரேடியேட்டரைத் திறந்து மட்டம் பாருங்கள், டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்புங்கள். புது ரப்பர் சூடேறி ஆறும்போது கொஞ்சம் அமர்ந்துகொடுக்கும். அதனால் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, குளிர்ந்த நிலையில், கிளிப்புகளை ஒரு கால் திருப்பு இறுக்கவேண்டும். குன்றக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போய்வந்த பிறகு நான் இறுக்கினேன். அட்டையில் அப்புறம் சொட்டு இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்றும் பார்த்துவிடலாம். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை ஆறிய ரேடியேட்டரின் கூலன்ட்டில், உலோகத்தில் படாமல் நனையுங்கள். எல்லா விளக்கும் எரியும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட் கெட்டிருக்கவேண்டும், அல்லது எர்த் வயர் எங்கோ தளர்ந்து மின்சாரம் தண்ணீர் வழியாகப் போய்க்கொண்டிருக்கவேண்டும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் புது ஹோஸும் பழைய ஹோஸ் போன வழியிலேயே போகும். எங்கள் வண்டியில் எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையின் முனை துருவேறியிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன்.

வழியில் ஹோஸ் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று என் சித்தி மகன் கேட்டான், அவனும் இந்த வண்டியை ஓட்டுகிறவன். திருமயம் தாண்டினால் பட்டறை இல்லாத நீண்ட சாலை. முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடவேண்டும். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கட் போகும். நன்றாக ஆறும்வரை பொறுத்து, கிழிசல் முனையில் என்றால் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றலாம். நடுவில் என்றால் துடைத்துக் காயவைத்து, சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டலாம். ரேடியேட்டர் மூடியை முழுக்க இறுக்காமல் முதல் படியில் வைத்தால் அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். மெதுவாக, முள்ளைப் பார்த்துக்கொண்டே பக்கத்து ஊர் வரை போகலாம். இதற்காக டிக்கியில் ஒரு டியூப் பட்டை, இரண்டு கிளிப், 2 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் இப்போது நிரந்தரமாக இருக்கின்றன. தண்ணீர்க் கேனின் மேல் "ரேடியேட்டருக்கு இது மட்டும்" என்று அப்பச்சியே எழுதி ஒட்டினார்.

வடித்த பழைய கூலன்ட்டைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் விஷம். நாய், பூனை, ஆடு, மாடு எதுவானாலும் இனிப்புக்காக நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். சாக்கடையில் விட்டால் மழைக்கு அது ஊரணிக்கு வரத்து வாய்க்கால் வழியாகப் போய்ச் சேரலாம். தரையில் சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிடுங்கள், தண்ணீர் விட்டுத் தள்ளாதீர்கள். நான் பழைய கேனில் ஊற்றி, மேலே எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஆயிலைத் தனியாகச் சேர்த்து அனுப்புகிற ஒரு பட்டறையில் கேட்டுக்கொண்டு கொடுத்துவிட்டேன்.

மிச்சமிருப்பது ரேடியேட்டர். எஞ்சினைச் சூடேற்றி அணைத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி, ரேடியேட்டர் முகத்தில் பல இடங்களில் கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது, கீழ்மூலையில் ஒரு பகுதி மற்ற இடங்களைவிடத் தணுப்பாக இருந்தது. அங்கே குழல்கள் அடைத்திருக்கின்றன, போர் தண்ணீர் விட்டுப்போன உப்பு. எங்களுடையது பித்தளை ரேடியேட்டர் என்பதால் தொட்டியின் பற்றைப் பிரித்து, குழல்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்றவைக்க முடியும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. தை மாதக் கல்யாணங்களுக்கு வண்டி ஓடத் தொடங்கும் முன்பே ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துவிடலாம் என்று அப்பச்சியும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.